ஷார்ட்ஸ்டாப்ல நின்னு 3 எரர் விட்ட என் தம்பிக்காக கேக்கறேன், மார்கஸ் செமியன் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க குன்னூர் கோத்தகிரி ரோட்டுல ஒரு எஸ்டேட் லைன்ல இருக்கோம், அப்பா டீ ஃபேக்டரில வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போறாங்க, நான் குன்னூர்ல ஒரு கடையில கணக்கு பாக்கறேன். என் தம்பி பதினொண்ணாவது படிக்கிறான், ரெண்டு வருஷமா பேஸ்பால் ஆடறான், ஷார்ட்ஸ்டாப், அதாவது ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கறவன். எங்க லைன்ல எல்லா பசங்களும் கிரிக்கெட்தான், இவன் ஒருத்தன் மட்டும் அந்த பெரிய கிளவ்ஸ மாட்டிக்கிட்டு ஃபேக்டரி பக்கத்து கிரவுண்டுல நிப்பான்.

போன மாசம் கீழ இறங்கி ஒரு டோர்னமெண்ட் போனாங்க, செமிஃபைனல்ல இவன் கிட்ட இருந்து 3 எரர் (எடுக்க வேண்டிய பந்த விடறது, தப்பா வீசறதுக்கு அந்தப் பேராம்), அதுல கடைசி எரர்ல எதிர் டீம் ரெண்டு ரன் எடுத்து மேட்ச் போயிடுச்சு. திரும்பி வர்ற பஸ்ல யாரும் இவன் கூட பேசலயாம், மேட்டுப்பாளையத்துல இருந்து பர்லியார் தாண்டி குன்னூர் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்திருக்கான். வீட்டுக்கு வந்ததும் கிளவ்ஸ அரிசி மூட்டைக்கு பின்னாடி போட்டவன்தான், இன்னும் எடுக்கல. கோச் அடுத்த தடவ அவுட்ஃபீல்டுல, அதாவது பேஸெல்லாம் தாண்டி தூரமா, நில்லுன்னு சொல்லிட்டாராம். அப்பா ஒரே வார்த்தைல படிப்ப பாருடான்னு முடிச்சுட்டாரு.

எனக்கு இந்த ஆட்டம் சரியா தெரியாது, நாலு பேஸ் இருக்கும் ஓடணும் அவ்ளோதான் தெரியும். ராத்திரி போன்ல தேடிப் பாத்தப்ப மார்கஸ் செமியன்னு ஒரு அமெரிக்கா ப்ளேயர் ஒரு வருஷம் அதிகமா எரர் விட்டவர், அப்புறம் பெரிய ஆளாயிட்டார்னு ஒரு வரி பாத்தேன். அது உண்மையா, உண்மைன்னா நடுவுல அவர் என்னதான் பண்ணாரு, அதை என் தம்பி இங்க எங்க கிரவுண்டுல பண்ண முடியுமா? அவனுக்கு சும்மா ஆறுதல் சொன்னா புடிக்காது, நடந்தத சொன்னா கேப்பான், அதனாலதான் கேக்கறேன்.

மலைரயில்_பயணி:

உண்மைதான் தங்கச்சி. நான் அருவங்காடு, பேஸ்பால் ஆடினதில்ல, ஆனா பத்து பன்னெண்டு வருஷமா விடாம பாக்கறேன், செமியன் எனக்கு ரொம்ப புடிச்ச ப்ளேயர், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிச்சு தம்பிகிட்ட சொல்லும்மா.

1990ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பொறந்தவர். ஸ்கூல் முடிக்கும்போது 2008 டிராஃப்ட்ல, அதாவது டீமெல்லாம் ரவுண்டு ரவுண்டா புது ப்ளேயருங்கள எடுக்கறதுல, சிகாகோ ஒயிட் சாக்ஸ் இவர எடுத்தாங்க, எத்தனாவது ரவுண்டுல தெரியுமா, 34ஆவது ரவுண்டு. அந்த ரவுண்டுல எடுத்தா பேருக்கு எடுத்த மாதிரிதான். அவர் கையெழுத்து போடாம பெர்க்லில இருக்கிற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டிக்கு போயிட்டாரு. அங்க போனா 2010ல அந்த யுனிவர்சிட்டி காசு இல்ல பேஸ்பால் டீமையே கலைக்கப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க, பழைய ப்ளேயருங்களும் ஆதரவாளருங்களும் பணம் திரட்டி டீம காப்பாத்தினாங்க, 2011ல அதே டீம் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்ங்கிற காலேஜ் டீம்களோட கடைசி கட்ட போட்டி வரைக்கும் போச்சு, அந்த டீமோட ஷார்ட்ஸ்டாப் இவர்தான். அந்த வருஷமே ஒயிட் சாக்ஸ் மறுபடி எடுத்தாங்க, இந்த தடவ 6ஆவது ரவுண்டு.

கீழ்ப் படியான மைனர் லீக்ல ரெண்டு வருஷம் ஆடிட்டு 2013 செப்டம்பர்ல மேல் படியான மேஜர் லீக்ல முதல் மேட்ச். ஆனா ஒயிட் சாக்ஸ்ல இவருக்கு நிலையா ஒரு இடம் இல்ல, மூணாவது பேஸ் ஒரு நாள், ரெண்டாவது பேஸ் ஒரு நாள்னு போச்சு. 2014 கடைசில ஓக்லேண்டுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. அவர் பொறந்து வளந்த ஏரியா அது, சொந்த ஊர் டீம், அவங்க இவர்தான் எங்க ஷார்ட்ஸ்டாப்னு தினமும் நிக்க வெச்சாங்க.

அங்கதான் விழுந்தது. 2015 சீசன்ல 35 எரர். மொத்த மேஜர் லீக்லயும் எல்லா பொசிஷனும் சேத்து அந்த வருஷம் அதிக எரர் இவருதுதான். உன் தம்பிய பாத்தது ஒரு மைதானத்துல இருந்தவங்க, இவர பாத்தது வாரத்துல ஆறு நாள் டிவி, அடுத்த நாள் பேப்பர், சொந்த ஊர் ஜனம். நினைச்சுப் பாரு.

அந்த மே மாசம் ஓக்லேண்ட் ரான் வாஷிங்டன்னு ஒரு கோச்ச கூட்டிட்டு வந்தாங்க. அவரும் ஒரு காலத்துல இன்ஃபீல்டர்தான், அதாவது பேஸ் பக்கம் நிக்கறவர், அப்போ 63 வயசு. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் டீமுக்கு மேனேஜரா இருந்து 2010, 2011 ரெண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ், அதாவது மேஜர் லீக் ஃபைனல், வரைக்கும் கொண்டு போனவர். அவரும் செமியனும் தினமும், மேட்ச் ராத்திரின்னா மத்தியானமே கிரவுண்டுக்கு வந்து, பத்து பதினஞ்சு அடி தூரத்துல இருந்து அவர் பந்த தரையில தட்டி விட இவர் முட்டி போட்டு எடுப்பாரு. முட்டி போட்டா கால் இல்ல, கை மட்டும்தான், அப்ப கை கத்துக்கும். அப்புறம் எந்திரிச்சு நின்னு காலுக்கு, அப்புறம் த்ரோ. இதே வேலைதான் தினமும், புதுசா எதுவும் கிடையாது.

ஒரே மாசத்துல எல்லாம் மாறிடலம்மா, இதை தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லு. அடுத்தடுத்த வருஷத்துலயும் எரர் வந்துட்டுதான் இருந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைஞ்சது. 2019ல 162 மேட்ச், அதாவது ஒரு மேட்ச் கூட விடாம ஆடினாரு, எரர் 12தான், பேட்டிங்ல 33 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), மேஜர் லீக்ல ஒரு பாதியான அமெரிக்கன் லீக்ல எம்விபி, அதாவது அந்த வருஷத்து சிறந்த ப்ளேயர், ஓட்டுல மூணாவது இடம். 35ல இருந்து 12க்கு வர நாலு வருஷம் ஆச்சு.

அப்புறம் 2020 மோசமான வருஷம், பேட்டிங் சராசரி .223, ஓக்லேண்ட் விட்டுட்டாங்க. டொரோண்டோ டீம்ல ஒரு வருஷ ஒப்பந்தம், அங்க ஏற்கனவே ஒரு ஷார்ட்ஸ்டாப் இருந்ததால இவர ரெண்டாவது பேஸுக்கு மாத்தினாங்க. மாத்தின அந்த 2021ல 45 ஹோம் ரன், ஒரு செகண்ட் பேஸ்மேன் ஒரு சீசன்ல அவ்ளோ அடிச்சது அதுக்கு முன்னாடி இல்ல, டேவி ஜான்சன் 1973ல அடிச்ச 43தான் அது வரைக்கும் பெரிசு. அதே வருஷம் கோல்ட் கிளவும் வந்துச்சு. அந்த பொசிஷன்ல அந்த லீக்லயே நல்லா ஃபீல்டிங் பண்றவருக்கு கொடுக்கற விருது அது, 35 எரர் விட்ட அதே கைக்கு! அடுத்து டெக்சாஸ் 7 வருஷத்துக்கு 175 மில்லியன் டாலர் கொடுத்து கூட்டிட்டு போனாங்க, 2023ல அந்த டீமுக்கு வரலாற்றுல முதல் வேர்ல்ட் சீரிஸ், கடைசி மேட்ச்ல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல இவர் அடிச்ச ரெண்டு ரன் ஹோம் ரன நான் விடியக்காலை குளிர்ல கம்பளி போத்திட்டு பாத்தேன், கண்ணு கலங்கிடுச்சு.

அதனால கோச் அவுட்ஃபீல்டுக்கு மாத்தினத அவமானமா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லு. செமியனயும் மாத்தினாங்க.

ஆறாம்_நம்பர்:

மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிலதான் (மலை கிராமம்) வளந்தேன், ஸ்கூல்லயும் காலேஜ்லயும் ஷார்ட்ஸ்டாப் ஆடினேன், இப்ப கோயம்புத்தூர்ல வேலை, ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு சொல்லித் தர்றேன். ஸ்கோர் ஷீட்ல ஷார்ட்ஸ்டாப்புக்கு நம்பர் 6, அதான் இந்த பேரு.

அக்கா, எரர்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ஒரு சாதாரண முயற்சில அவுட் பண்ணியிருக்க வேண்டிய பந்தை விட்டாலோ தப்பா வீசினாலோதான் ஸ்கோரர் எரர் போடுவாரு. பந்துக்கிட்டயே போக முடியலன்னா அது எரர் இல்ல, பேட்டருக்கு ஹிட், அதாவது அவர் நல்லா அடிச்சு பேஸுக்கு போனதா கணக்கு. அதனால மெதுவா அசையறவன் பேர்ல எரர் கம்மியா இருக்கும், ஓடி ஓடி எல்லா பந்தையும் தொடறவன் பேர்ல கூட இருக்கும். நியூயார்க் யாங்கீஸ் டெரெக் ஜீட்டர் இருக்காரே, 1993ல மைனர் லீக்ல க்ரீன்ஸ்போரோ டீம்ல 56 எரர் விட்டாரு, ஒரே சீசன்ல. அவர் 2014 வரைக்கும் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப்பாவே ஆடி 3465 ஹிட்டோட போனாரு. எண்ணிக்கைய மட்டும் வெச்சு ஒரு பையன முடிவு பண்ணக் கூடாது, எந்த மாதிரி எரர்னு பாக்கணும்.

அதனால தம்பிகிட்ட மூணு கேள்வி கேட்டு இங்க போடுங்க. ஒண்ணு, மூணு எரரும் பந்து எடுக்கறதுலயா த்ரோவுலயா. ரெண்டு, டோர்னமெண்ட் கிரவுண்டு எப்படி இருந்துச்சு, புல்லா செம்மண்ணா. மூணு, வீட்டுக்கிட்ட எதுல ப்ராக்டிஸ் பண்றான்.

கொழுந்துக்கூடை:

ரொம்ப நன்றி. அண்ணன் எழுதினத அப்படியே படிச்சு காமிச்சேன், 35ன்னு சொன்னப்பதான் தலைய தூக்கினான், பொய் சொல்றியான்னு கேட்டான், போன வாங்கி அவனே தேடிப் பாத்தான்.

கேட்டதுக்கு பதில். முதல் எரர் கால் நடுவுல போயிடுச்சாம். ரெண்டாவது பந்து கிளவ்ஸ்ல பட்டு மணிக்கட்டுல ஏறி தெறிச்சுதாம், எடுத்து அவசரத்துல வீசினது பர்ஸ்ட் பேஸ்காரன் தலைக்கு மேல. மூணாவது சுத்தமா எடுத்துட்டான், த்ரோ தரைல குத்தி போயிடுச்சாம். கிரவுண்டு காஞ்ச செம்மண், கல்லு மாதிரி இருந்துச்சாம், வெயில் கண்ண கூசிச்சுன்னான். இங்க ப்ராக்டிஸ் ஃபேக்டரி பக்கத்து புல் கிரவுண்டு, ஒரு பக்கம் சரிவு, பந்து போனா டீ செடிக்குள்ள போயிடும், இருக்கறதே ரெண்டு பந்து. அஞ்சு மணிக்கு மேல காட்டு மாடு வந்துடும், அதனால அதுக்குள்ள ஏறி வந்துடணும். இன்னொண்ணு, அவன் உயரம் 5 அடி 3 அங்குலம்தான், அதுவும் மனசுல வெச்சிருக்கான் போல, குட்டையா இருந்தா ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆகாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க.

ஆறாம்_நம்பர்:

நான் நினைச்சது இதேதான் அக்கா. தம்பி கையில குறை இல்ல. அவன் மேட்ச் ஆடின தரையும் பழகின தரையும் வேற வேற, அதுதான் விஷயம்.

நம்ம மலைல புல்லு எப்பவும் ஈரம். கோத்தகிரி குன்னூர் பக்கம் அக்டோபர் நவம்பர் மழை வேற. ஈரப் புல்லுல பந்து உருண்டு வரும்போதே வேகம் செத்துடும், ரெண்டாவது மூணாவது ஹாப்ல (தரைல குத்தி எழும்பறது) தாழ்வா வரும், நாம நிதானமா குனிஞ்சு எடுக்கலாம். கீழ காஞ்ச செம்மண்ல அதே அடி ரெண்டு மடங்கு வேகத்துல வர்ற மாதிரி இருக்கும், ஹாப் உசரமா எகிறும். தம்பியோட கண்ணுக்கு நம்ம ஊர் வேகம் பழகியிருக்கு, அதனால கிளவ்ஸ லேட்டா இறக்கியிருக்கான், கால் நடுவுல போச்சு. அடுத்தது எகிறி மணிக்கட்டுல பட்டுச்சு. மூணாவது வந்தப்ப பந்து நல்லாத்தான் வந்துச்சு, முன்னாடி விட்ட ரெண்டும் மனசுல நின்னு கால் நகரல, நின்ன இடத்துலயே கையால மட்டும் வீசியிருப்பான், தரைல குத்திருச்சு. எனக்கு காலேஜ் முதல் வருஷம் திருச்சில இதே நடந்துச்சு, அச்சு அசல் இதே, அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நம்ம ஊர்ல பந்து ஈரம் குடிச்சு கனமா இருக்கும், தையல் வழுக்கும். அந்த கனத்துக்கு பழகின கைல காஞ்ச பந்து கொடுத்தா முதல் த்ரோ தலைக்கு மேலதான் போகும். நம்ம மலையோட உயரம் வேற இருக்கு. அமெரிக்கால டென்வர்ங்கிற ஊர் 1600 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க காத்து லேசு, பந்து கூட தூரம் போகுதுன்னு 2002ல இருந்து பந்துகள ஈரப்பதம் வெச்ச ஒரு ரூம்ல வெச்சு எடுத்து ஆடறாங்க. நம்ம ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1800க்கு மேல. அங்க அதுக்கு தனியா ரூம் கட்டறாங்க, இங்க எங்க பசங்க ஒரே நாள் காலைல பஸ் ஏறி 400 மீட்டர் உயரத்துல இறங்கி நேரா மேட்ச் ஆடறாங்க, ஒரு நாள் முன்னாடி போய் அந்த தரைல அரை மணி நேரம் பந்து எடுக்க விடுங்கன்னு நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன், கேக்க ஆள் இல்ல, எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம்.

இப்ப என்ன பண்ணலாம்னு சொல்றேன்.

ஃபேக்டரி முன்னாடி லாரி நிக்கற சிமெண்ட் களம் இருக்கும் இல்ல, அப்பாகிட்ட சொல்லி ஞாயித்துக்கிழமை வேலை இல்லாத நேரத்துல கேட்டு வாங்குங்க. சிமெண்ட் தரை, டென்னிஸ் பால், ஒரு சுவரு, இது போதும். சிமெண்ட்ல டென்னிஸ் பால் வர்ற வேகம் கீழ செம்மண்ல வர்ற வேகத்துக்கு கிட்டத்தட்ட சரியா இருக்கும். முதல்ல கிளவ்ஸ் வேண்டாம், வெறும் கை, முட்டி போட்டு, சுவருல இருந்து ஏழெட்டு அடில. ஒரு கோணிச் சாக்க மடிச்சு முட்டிக்கு கீழ போட்டுக்க சொல்லுங்க. நீங்களே பந்த சுவருல எறியலாம், ஆட்டம் தெரிய வேண்டியதில்ல. தரைல குத்தி எழும்பற அந்த நொடியிலயே, எகிறதுக்கு முன்னாடி, கைய கீழ வெச்சு முன்னாடி நீட்டி எடுக்கணும். கை மேல இருந்து கீழ வரக்கூடாது, கீழ இருந்து மேல வரணும், கை முதல்லயே தரைய தொட்டு இருக்கணும், பந்து எகிறினா கைய மேல கொண்டு போறது சுலபம், தாழ்ந்தா கைய இறக்கறது கஷ்டம். தினம் 50 பந்து, இருபது நிமிஷம் ஆகும்.

ரெண்டு வாரம் கழிச்சு எந்திரிச்சு நிக்கலாம். அப்ப கால். பந்து வர்ற வரைக்கும் காத்து நிக்கக் கூடாது, வலது கால் இடது கால்னு பந்துக்குள்ள நடந்து போகணும், எடுத்த பிறகும் கால் பர்ஸ்ட் பேஸ் பக்கம் போயிட்டே இருக்கணும். பேட்டர் அடிச்சுட்டு பர்ஸ்ட் பேஸ் போக 90 அடி, நல்லா ஓடற பெரிய ஆளுங்களுக்கே நாலேகால் செகண்ட் பக்கம் ஆகும், ஸ்கூல் பசங்களுக்கு இன்னும் கூட ஆகும். ஷார்ட்ஸ்டாப்ல இருந்து த்ரோ ஏறத்தாழ 120 அடி. தம்பி நினைக்கறத விட நேரம் இருக்கு அக்கா, ரெண்டு அடி எடுத்து வெச்சு வீச நேரம் இருக்கு. அத அவன் உடம்பு நம்பணும்.

த்ரோ பயம் மட்டும் மனசுல தங்க விடாதீங்க. சக் நாப்லாக்னு ஒரு செகண்ட் பேஸ்மேன், 1997ல கோல்ட் கிளவ் வாங்கினவர், ரெண்டு மூணு வருஷத்துல பக்கத்துல இருக்கிற பர்ஸ்ட் பேஸுக்கு நேரா வீச முடியாம போயி, 2001ல லெஃப்ட் ஃபீல்டுக்கு மாத்திட்டாங்க, அவரோட அந்த த்ரோ திரும்ப வரவே இல்ல. கை நல்லாத்தான் இருந்துச்சு. அதனால இப்ப ஒரு மாசம் தூரமா வீச வேண்டாம், முப்பது நாப்பது அடில சுவருல ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டு அதுல மட்டும் அடிக்க சொல்லுங்க.

பனிக்காலம்:

உயரம் பத்தி மட்டும் சொல்றேன், நான் கொடைக்கானல். ஹோசே அல்டூவேன்னு வெனிசுவேலாக்காரர், 5 அடி 6 அங்குலம். 2007ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவங்க ஊர்ப் பக்கம் தேர்வு நடத்தினப்ப ரொம்ப குட்டையா இருக்கேன்னு முதல் நாள் திருப்பி அனுப்பிட்டாங்க, மறுநாளும் போய் நின்னாரு, 16 வயசு, 15000 டாலருக்கு கையெழுத்து. அப்புறம் 2014, 2016, 2017 மூணு வருஷம் அமெரிக்கன் லீக் பேட்டிங்ல முதலிடம், 2017ல எம்விபி. உங்க தம்பிக்கு இன்னும் வளர்ற வயசுதான் இருக்கு, அந்த மூணு அங்குலத்த விட்டுத் தள்ளுங்க.

தொட்டபெட்டா_அடிவாரம்:

எல்லாரும் நல்லதுதான் சொல்றீங்க. நான் ரெண்டு பசங்களுக்கு அப்பா, அந்த அப்பா சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்குன்னு சொல்ல வந்தேன். 175 மில்லியன்னு கேட்டதும் பையன் கண்ணுல வேற கனவு வந்துடும், அது யாருக்கும் சுலபத்துல வராதது, அதையும் அவனுக்கு சொல்லணும்.

அந்த ரான் வாஷிங்டன் கதையவே எடுத்துக்கங்க. நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்தவர், 1970ல கையெழுத்து போட்டாரு, மேஜர் லீக்ல முதல் மேட்ச் 1977, அதுவும் பத்தே மேட்ச்தான், திரும்ப மைனர் லீக். 1981ல மின்னசோட்டா டீம் கூப்பிட்ட பிறகுதான் நிலையா ஆடினாரு, அப்ப அவருக்கு 29 வயசு. 1989 வரைக்கும் ஆடி மொத்தமா 20 ஹோம் ரன். அதுதான் முக்காவாசி இன்ஃபீல்டர்களோட வாழ்க்கை, இன்னைக்கு ஷார்ட்ஸ்டாப், நாளைக்கு செகண்ட், நாளன்னைக்கு பெஞ்ச். சம்பளத்தையும் பாருங்க, 2023 ஒப்பந்தத்துக்கு பிறகே மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ இருக்கிற ட்ரிபிள் ஏ லெவல்ல குறைஞ்ச சம்பளம் அந்த வருஷம் 35800 டாலர்தான், மேல போயிட்டா 2025ல குறைஞ்சதே 760000 டாலர். அந்த ஒரு படிய ஏற முடியாமயே எத்தனையோ பேர் முப்பது வயசுல வீட்டுக்கு போறாங்க. நம்ம நாட்டுல இருந்து போனது ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், 2008ல பிட்ஸ்பர்க் டீம் எடுத்தாங்க, ரெண்டு பேருமே பிட்சருங்க, அதாவது பேட்டருக்கு பந்து வீசறவங்க, ரெண்டு பேரும் மைனர் லீக்கோட நின்னுட்டாங்க.

இதையெல்லாம் ஆட வேண்டாம்னு சொல்றதுக்காக சொல்லலம்மா. நம்ம ஊர்ல இந்த ஆட்டம் கொடுக்கக் கூடியது ஸ்கூல் கேம்ஸ், யுனிவர்சிட்டி டீம், அது வழியா ஒரு காலேஜ் சீட். ஒரு லைன் வீட்டுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்ல. சர்டிஃபிகேட் எல்லாம் பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, மழைக்காலத்துல பூஞ்சை புடிச்சிடும், என் பெரியவனோடது ரெண்டு அப்படித்தான் போச்சு. பன்னெண்டாவது மார்க்கும் வேணும், அப்பாகிட்ட இத இப்படி பிரிச்சு சொல்லுங்க, கேப்பாரு.

ஆறாம்_நம்பர்:

அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நானே அந்த வழியிலதான் காலேஜ் சீட் வாங்கினேன். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், அந்த பத்து மேட்ச் ஆடிட்டு திரும்ப கீழ போனவர்தான் முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு செமியனுக்கு முன்னாடி உக்காந்து பந்து தட்டினாரு. ஓக்லேண்ட்ல அதுக்கு முன்னாடி எரிக் சாவேஸ்னு தேர்ட் பேஸ்மேனுக்கும் இதே மாதிரி சொல்லிக் கொடுத்து, அவர் வரிசையா ஆறு கோல்ட் கிளவ் வாங்கி, அதுல 2004 விருத வாஷிங்டன் கையிலயே கொடுத்துட்டாரு.

கொழுந்துக்கூடை:

மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டு போலாம்னு வந்தேன்.

தொட்டபெட்டா அண்ணா சொன்ன மாதிரியே அப்பாகிட்ட பிரிச்சு சொன்னேன். காலேஜ் சீட்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் ஃபேக்டரில அவரே கேட்டு களத்துக்கு அனுமதி வாங்கிட்டு வந்தாரு, ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமை சாயங்காலமும். முதல் நாள் களத்துல டீத்தூள் படிஞ்சு வழுக்கிச்சு, அப்பா விளக்குமாறு எடுத்து கூட்டி விட்டாரு. மத்த நாள்ல லைன் வாசல்லயே சிமெண்ட் திட்டுல.

பந்து எறியறது நான்தான். முதல் நாள் 50ல 17 விட்டான், ஒரு நோட்டுல எழுதறோம். கை சிவந்து போயிடுச்சு, குளிர்ல வேற டென்னிஸ் பால் பட்டா சுளீர்னு இருக்குமாம். ரெண்டாவது வாரம் 9, 11, 8ன்னு போச்சு, நடுவுல ஒரு நாள் 16 விட்டுட்டு சாக்க உதறிட்டு எந்திரிச்சு போயிட்டான், நான் செமியனுக்கு நாலு வருஷம்டான்னு மட்டும் சொன்னேன், திரும்பி வந்து மிச்சத்த முடிச்சான். நேத்து 50ல 4. முட்டி போடாம நின்னு எடுக்க நேத்துதான் ஆரம்பிச்சிருக்கான்.

கோச்கிட்ட அவனே போய் பேசியிருக்கான், அவுட்ஃபீல்டுல நிக்கறேன் சார், ப்ராக்டிஸ்ல மட்டும் கடைசி பத்து நிமிஷம் ஷார்ட்ஸ்டாப்ல பந்து கொடுங்கன்னு. சரின்னு சொல்லியிருக்காரு. அடுத்த தடவ கீழ போகும்போது முந்தின நாளே போலாமான்னு கேட்டதுக்கு பஸ் செலவு பாக்கணும்னாராம், முன்னாடி நாள் இல்லைன்னாலும் காலைல முதல் பஸ்லயே போயி மேட்ச்சுக்கு முன்னாடி அந்த தரைல பந்து எடுக்க வெக்கறேன்னு சொல்லியிருக்காரு.

இப்ப ஒரு பிரச்சன. கிளவ்ஸ எடுத்து பாத்தா அரிசி மூட்டைக்கு பின்னாடி ஈரத்துல பூஞ்சை புடிச்சு, விரலுக்கு நடுவுல இருக்கிற வார் ரெண்டு இடத்துல அறுந்து கிடக்கு. புதுசு வாங்க இப்ப காசு இல்ல. இத சரி பண்ண முடியுமா?

ஆறாம்_நம்பர்:

முடியும் அக்கா. காஞ்ச துணியால பூஞ்சைய துடைச்சுட்டு நிழல்லயே ரெண்டு நாள் காய வைங்க, அடுப்பு பக்கத்துல வெக்காதீங்க, தோல் வெடிச்சிடும். குன்னூர் மார்க்கெட் பக்கம் செருப்பு தைக்கறவங்ககிட்ட காமிச்சா வார் மாத்திக் கொடுப்பாங்க, அறுந்த பழைய வாரயும் கையோட கொண்டு போங்க, அதே அகலத்துல தோல் வெட்டச் சொல்லுங்க, நைலான் கயிறு போட விடாதீங்க, அது கிளவ்ஸ் ஓட்டைய கிழிச்சிடும். கட்டினதும் துளி தேங்காய் எண்ணெய் துணில தொட்டு மேலோட்டமா தேச்சா போதும். அப்புறம் உள்ள ஒரு டென்னிஸ் பால வெச்சு கயித்தால கட்டி அடுக்களைல உசரமான அலமாரில வைங்க, அடுப்புக்கு நேர் மேல வேண்டாம். அந்த நோட்ட மட்டும் நிறுத்தாதீங்க, அடுத்த மாசம் நான் கோத்தகிரி வரும்போது காலேஜ்ல ஆடின பழைய லெதர் பந்து அஞ்சாறு கொண்டு வந்து தர்றேன்.